பிக்சல் சிறிதானால் படம் தெளிவாகிவிடுமா? லேசர் மூலக்கூறுப் படங்களின் பிரிதிறன்

லேசரால் திசுவைச் சுட்டு எடுத்த மூலக்கூறுப் படம் ஒன்றைக் காட்டி "இந்தப் படம் எத்தனை மைக்ரான்?" என்று கேட்டால் "5 மைக்ரான்" என்று உடனே பதில் வரும். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) அந்த 5 எதைக் குறிக்கிறது என்று இன்னொரு கேள்வி போட்டுப் பாருங்கள், அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கும். லேசர் ஒவ்வொரு முறையும் தள்ளிப்போகும் தூரமா, லேசர் போடும் குழியின் அகலமா, இல்லை பக்கத்து பக்கத்தில் இருக்கும் இரண்டு செல்களை அந்தப் படம் உண்மையிலேயே பிரித்துக் காட்டுகிற அளவா? மூன்றும் வேறு வேறு. மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுப் பேசுவதால் துறைக்குள் இருப்பவர்களே சில சமயம் தடுமாறுகிறார்கள், புதிதாக வருபவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் இதை அடியிலிருந்து, பொறுமையாக, ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

## முதலில், இது எந்த மாதிரிப் படம்?

கேமரா ஒளியைப் பதிவு செய்கிறது. இங்கே பதிவாவது மூலக்கூறுகளின் எடை.

ஒரு பெரிய தரையில் பல நிற மணல் கலந்து கொட்டிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிறம் எங்கே அதிகம் என்று ஒரு வரைபடம் வேண்டும். தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்து மணலையும் துடைப்பத்தால் கூட்டி அள்ளித் தனித்தனிப் பையில் போடுகிறீர்கள். அப்புறம் ஒவ்வொரு பையையும் பிரித்து, சிவப்பு எத்தனை, நீலம் எத்தனை என்று எண்ணுகிறீர்கள். எல்லாப் பைகளையும் எண்ணி முடித்தபிறகு "சிவப்பு மட்டும் காட்டு" என்றால் சிவப்பின் வரைபடம் கிடைக்கும், "நீலம் மட்டும்" என்றால் நீலத்தின் வரைபடம். ஒருமுறை கூட்டியதிலிருந்து நூற்றுக்கணக்கான படங்கள்.

லேசர் மூலக்கூறுப் படமும் இப்படித்தான் உருவாகிறது. உறையவைத்த திசுவை ஏறத்தாழ 10 மைக்ரான் தடிமனுக்குச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறார்கள். (ஒப்பிட்டுப் பார்க்க, நம் ரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரான்.) அதன்மேல் மேட்ரிக்ஸ் என்ற பொருளைப் பூசுகிறார்கள். மேட்ரிக்ஸ் என்பது புற ஊதா ஒளியை நன்றாக உறிஞ்சும் சிறிய கரிமச் சேர்மம், அவ்வளவுதான். லேசர் பட்டதும் அது வெடித்துக் கிளம்பி, தன்னோடு கலந்திருக்கும் திசு மூலக்கூறுகளையும் தூக்கிக்கொண்டு போகிறது. அப்படிக் கிளம்பியவற்றில் சில மின்னூட்டம் பெற்று அயனிகளாகின்றன. அந்த அயனிகளை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், அதாவது அயனிகளை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி, உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்த முறைக்குப் பெயர் மால்டி (MALDI, மேட்ரிக்ஸின் துணையோடு லேசரால் கிளப்பி அயனியாக்குவது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). இந்தப் பெயரும் அடிப்படையும் 1980-களின் நடுவில் ஜெர்மனியில் காராஸ், ஹில்லன்காம்ப் இருவரின் ஆய்விலிருந்து வந்தவை. திசுத் துண்டின் மேல் புள்ளி புள்ளியாகச் சுட்டுப் புரதங்களைப் படமாக்கலாம் என்று 1997-இல் காப்ரியோலியும் உடனிருந்தவர்களும் காட்டிய பிறகுதான் இது ஒரு தனித் துறையாகப் பரவியது.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: தரை என்பது திசு, துடைப்பம் என்பது லேசர், பை பிரித்து எண்ணுகிறவர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்.

## பிரிதிறன் என்ற ஒரே சொல், பல அர்த்தங்கள்

முதல் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுவோம். இந்தத் துறையில் இரண்டு பிரிதிறன்கள் உண்டு. நெருங்கிய எடையுள்ள இரண்டு மூலக்கூறுகளைப் பிரித்தறிவது நிறைப் பிரிதிறன். நெருங்கிய இரண்டு இடங்களைப் பிரித்தறிவது இடப் பிரிதிறன். முதலாவது அபாரமாக இருக்கும் கருவியில் இரண்டாவது சுமாராக இருக்கலாம். இந்தக் கட்டுரை முழுக்க இரண்டாவதைப் பற்றியதுதான்.

இனி அந்த மூன்று எண்கள். தகட்டைத் தாங்கும் மேடை ஒவ்வொரு முறையும் எவ்வளவு நகர்கிறதோ அது படி அளவு. படத்தில் ஒரு பிக்சலின் அகலம் என்று நீங்கள் பார்ப்பது இதைத்தான். லேசர் உண்மையில் தோண்டும் குழியின் அகலம் புள்ளி அளவு. பக்கத்து பக்கத்தில் உள்ள இரண்டு அம்சங்களைத் தனித்தனியாகக் காட்ட முடிகிற மிகச் சிறிய தூரம்தான் இடப் பிரிதிறன்.

மணல் தரைக்குத் திரும்பினால், ஒரு அடி அகலத் துடைப்பத்தை வைத்துக்கொண்டு இரண்டு அங்குலத்துக்கு ஒரு பை என்று கணக்கு எழுதலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. பைகள் ஆறு மடங்கு கூடும், வரைபடத்தில் கட்டங்களும் ஆறு மடங்கு கூடும். ஆனால் ஒவ்வொரு பையிலும் ஒரு அடி அகலத்து மணல் கலந்து கிடந்தால் புதிதாக என்ன தெரிந்துவிடும்? போன் கேமராவில் டிஜிட்டல் ஜூம் செய்தால் படம் பெரிதாகிறது, தூரத்தில் இருக்கும் எழுத்து மட்டும் படிக்கக் கிடைப்பதில்லை. படி அளவை மட்டும் குறைப்பதும் அதே கதைதான். விளம்பரத் தாள்களில் பெரிய எழுத்தில் வரும் எண் பெரும்பாலும் இந்தப் படி அளவு என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

## துடைப்பத்தைச் சிறிதாக்குவது: லேசர் புள்ளி

புள்ளியைச் சிறிதாக்க வேண்டுமென்றால் லேசரை இன்னும் கூர்மையாகக் குவிக்க வேண்டும். ஆனால் ஒளி ஓர் அலை, அதை எவ்வளவு நல்ல லென்ஸால் குவித்தாலும் விளிம்பில் கொஞ்சம் பரவியே தீரும். இதை இயற்பியல் பாடத்தில் விளிம்பு விளைவு என்று படித்திருப்போம். இதனால் குவிந்த புள்ளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக ஆக முடியாது. மால்டி கருவிகளில் வழக்கமாக வரும் லேசர்களின் அலைநீளம் 337 அல்லது 355 நானோமீட்டர், அதாவது ஒரு மைக்ரானில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம்.

அப்படியென்றால் அரை மைக்ரான் புள்ளி சுலபமாகக் கிடைக்க வேண்டுமே? கிடைப்பதில்லை, காரணம் ரொம்ப சாதாரணமானது: இடநெருக்கடி. கூர்மையாகக் குவிக்கும் லென்ஸ் திசுவுக்கு மிக அருகில், சில மில்லிமீட்டர் தூரத்தில் இருந்தாக வேண்டும். ஆனால் திசுவுக்கு நேர் எதிரே உள்ள அந்த இடம் அயனிகளை இழுக்கும் மின்முனைக்கு வேண்டும். இரண்டும் ஒரே இடத்தைக் கேட்கின்றன. அதனால் வழக்கமான கருவிகளில் லென்ஸைத் தூரத்தில் வைத்து, லேசரைச் சாய்வாக உள்ளே விடுகிறார்கள். தூரம் கூடினால் புள்ளி பெரிதாகும், சாய்வாக விழுந்தால் வட்டம் நீள்வட்டமாகும்.

இந்த நெருக்கடியைத் தீர்க்க இரண்டு வழிகளைக் கண்டுபிடித்தார்கள், இரண்டுமே அழகானவை. ஒன்று, லென்ஸின் நடுவில் துளை போடுவது: லேசர் லென்ஸ் வழியாகக் கீழே இறங்கும், அயனிகள் நடுத்துளை வழியாக மேலே போகும். ஜெர்மனியின் கீசென் நகரில் ஸ்பெங்லரின் குழு இந்த வழியில் பல ஆண்டுகள் உழைத்து, 2017-இல் 1.4 மைக்ரான் பிரிதிறனில் படங்களை வெளியிட்டது. இன்னொன்று, லேசரைப் பின்பக்கத்திலிருந்து விடுவது: தகடு கண்ணாடிதானே, அதன் அடியில் லென்ஸை ஒட்டினாற்போல வைத்து, கண்ணாடியைத் தாண்டி வரும் ஒளியால் திசுவைச் சுடலாம், முன்பக்கம் முழுவதும் அயனிகளுக்கு விட்டுவிடலாம். 2019-இல் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகக் குழு இந்த முறையில் 0.6 மைக்ரான் பிக்சல் வரை இறங்கி, ஒற்றைச் செல்லுக்கு உள்ளேயே மூலக்கூறுகள் எங்கே இருக்கின்றன என்று காட்டியது.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. டார்ச் அடித்தால் சுவரில் விழும் வெளிச்சம் நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மங்கலாகவும் இருக்கும். லேசர் புள்ளியும் அப்படித்தான். மேட்ரிக்ஸ் கிளம்புவதற்கு ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும், அந்த அளவைத் தாண்டிய நடுப்பகுதி மட்டுமே குழியாகும். அதனால் லேசரின் ஆற்றலைக் குறைத்தால் குழி சுருங்கும், கூட்டினால் ஓரத்து மங்கல் ஒளியும் வேலை செய்யத் தொடங்கிக் குழி அகலும். சிக்னல் போதவில்லை என்று ஆற்றலைக் கூட்டுகிறவர்கள், தெரியாமலே தங்கள் துடைப்பத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள்.

## பெரிய துடைப்பத்தால் சின்னக் கட்டம் கூட்ட முடியுமா?

முடியும், ஒரு நிபந்தனையோடு. சற்று முன்னால் நானே இதைக் கேலிக்கூத்து போலச் சொன்னேன், இப்போது அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு அடித் துடைப்பத்தால் முதல் இடத்தை ஒரு மணல்கூட மிச்சமில்லாமல் சுத்தமாகக் கூட்டிவிட்டீர்கள். இப்போது துடைப்பத்தை இரண்டு அங்குலம் மட்டும் தள்ளி வைத்து மறுபடி கூட்டுங்கள். பத்து அங்குலம் ஏற்கெனவே காலி. புதிதாக வரும் மணல் அந்த இரண்டு அங்குலப் பட்டையிலிருந்து மட்டும்தான். துடைப்பம் பெரியது, பையில் விழுவதோ சின்னக் கட்டத்து மணல்! இதற்கு மிகைமாதிரியெடுப்பு என்று பெயர், 2005 வாக்கில் அமெரிக்காவில் ஸ்வீட்லர் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்திலிருந்து வந்த யோசனை. புதிய லென்ஸ் வாங்காமலே பிரிதிறனை உயர்த்த இது ஒரு நேர்மையான வழி.

நிபந்தனை என்னவென்றால் ஒவ்வொரு இடத்திலும் மேட்ரிக்ஸ் முழுவதும் தீரும்வரை சுட்டிருக்க வேண்டும். பாதி மிச்சம் வைத்துவிட்டு நகர்ந்தால் பழைய இடத்து மூலக்கூறுகள் புதிய பிக்சலில் கலந்துவிடும். முழுவதும் தீர்த்துத்தான் நகர்ந்தார்களா என்பது படத்தைப் பார்த்துத் தெரியாது, செய்முறையைப் படித்தால்தான் தெரியும்.

சுருக்கமாக, படி அளவு குறைந்தது என்பதற்காகப் பிரிதிறன் கூடிவிடாது. புள்ளி சிறிதாக வேண்டும், அல்லது ஒவ்வொரு புள்ளியும் முழுவதும் காலியாக வேண்டும்.

## காற்றடித்துக் கலைந்த மணல்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான பகுதி, ஆனால் லேசரின் பளபளப்பில் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிற பகுதி. நீங்கள் கூட்டத் தொடங்குவதற்கு முன்பே காற்றடித்து மணல் கலைந்துவிட்டது என்றால், ஒவ்வொரு துகளாகப் பொறுக்கினாலும் என்ன பயன்? கலைந்த தரையின் துல்லியமான வரைபடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

திசுவில் அந்தக் காற்றின் வேலையைச் செய்வது ஈரம். ஈரத் தாளில் மைத்துளி விட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். மேட்ரிக்ஸை ஒரு திரவத்தில் கரைத்துத் திசுவின் மேல் தெளிக்கிறார்கள். அந்தத் திரவம் திசுவுக்குள் இறங்கி மூலக்கூறுகளைக் கரைத்து மேலே கொண்டுவர வேண்டும், திரவம் உலரும்போது மேட்ரிக்ஸ் படிகமாகி மூலக்கூறுகளைத் தன்னோடு பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரம் இல்லாவிட்டால் மூலக்கூறு வெளியே வராது, சிக்னல் இல்லை. ஈரம் அதிகமானால் மூலக்கூறு பக்கவாட்டில் வழிந்து பக்கத்துச் செல் வரை போய்விடும், பிரிதிறன் இல்லை. இந்தத் துறையின் பாதி உழைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கப் பழகுவதுதான் என்றால் மிகையில்லை.

படிகத்தின் அளவும் கணக்கில் வரும். ஒரு படிகம் 50 மைக்ரான் நீளத்துக்கு வளர்ந்துவிட்டால், அந்த 50 மைக்ரானுக்குள் மூலக்கூறுகள் எங்கிருந்து வந்தன என்ற தகவல் ஏற்கெனவே போய்விட்டது. அதன்மேல் 5 மைக்ரான் லேசரால் பத்து முறை சுட்டால் ஒரே படிகத்தைப் பத்து முறை எடை போட்டிருப்பீர்கள். கையால் சொட்டுச் சொட்டாக மேட்ரிக்ஸ் விட்ட காலத்தில் படிகங்கள் இதைவிடப் பெரிதாகவே இருந்தன. இப்போது தானியங்கித் தெளிப்பான்கள் மிக நுண்ணிய பனிப்புகையாக, பல அடுக்குகளாக, ஒவ்வொரு அடுக்கும் சில நொடிகளில் உலரும்படி பூசுகின்றன.

இன்னும் ஒரு படி மேலே போனால், திரவமே வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். கற்பூரம் உருகாமல் நேரடியாக ஆவியாவதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் பதங்கமாதல். மேட்ரிக்ஸை வெற்றிடத்தில் சூடாக்கினால் அதுவும் இப்படி ஆவியாகி, எதிரே குளிர்ச்சியாக வைத்த திசுவின் மேல் மெல்லிய படலமாகப் படியும். படிகங்கள் ஒரு மைக்ரான் அளவிலோ அதற்கும் கீழேயோ இருக்கும், திரவம் இல்லாததால் வழிதலும் இல்லை. 2007-இல் ஹாங்கின், பார்க்லி, மர்ஃபி மூவரும் இதைத் திசுப் படங்களுக்குக் கொண்டுவந்தார்கள், கொழுப்பு மூலக்கூறுகளுக்கு இன்றுவரை இது பிரமாதமாக வேலை செய்கிறது. ஆனால் ஈரமே இல்லாததால் புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகள் திசுவுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அதற்காகப் படலம் போட்டபிறகு சில நிமிடம் ஆவியில் காட்டிக் கொஞ்சம் ஈரம் ஏற்றுகிறார்கள், மறுபடியும் அதே கத்திமுனை நடை.

மேட்ரிக்ஸுக்கு முன்பே காரியம் கெடலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. உறைபெட்டியிலிருந்து எடுத்த தகட்டை அப்படியே மேசைமேல் வைத்தால், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் வேர்த்துக் கொட்டும். அந்த நீர்த்துளிகளே மூலக்கூறுகளை இடம் மாற்றிவிடும். மூடிய உறையோடு உலர்கலத்தில் வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்தபிறகு திறக்க வேண்டும். இந்தப் பத்து நிமிடப் பொறுமை இல்லாமல் போனால், விலை உயர்ந்த லென்ஸால் அதைச் சரிசெய்ய முடியாது.

ஆக, லேசர் புள்ளி (முழுவதும் தீர்த்து நகரும் மிகைமாதிரியெடுப்பில் என்றால் படி அளவு), படிக அளவு, மூலக்கூறு வழிந்த தூரம் இந்த மூன்றில் எது பெரியதோ அதற்குக் கீழே படத்தின் பிரிதிறன் இறங்காது.

## சின்னப் பையில் எத்தனை மணல் இருக்கும்?

எல்லாம் சரியாக அமைந்து கட்டத்தைச் சிறிதாக்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது வேறொரு சிக்கல் வந்து நிற்கும். புள்ளியின் அகலத்தை 100 மைக்ரானிலிருந்து 10 மைக்ரானாகக் குறைத்தால் பரப்பு நூறில் ஒரு பங்காகிறது, கிடைக்கும் மூலக்கூறுகளும் ஏறத்தாழ அப்படியே. 1 மைக்ரானுக்குப் போனால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. போதாக்குறைக்கு, லேசர் கிளப்பிவிடும் மூலக்கூறுகளில் மிகப் பெரும்பாலானவை மின்னூட்டமே பெறாமல் போய்விடுகின்றன. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அயனிதான் தெரியும், மின்னூட்டம் இல்லாததை அது பார்ப்பதே இல்லை.

அதனால் பிரிதிறன் என்பது லேசர் ஆட்களின் பிரச்சினை மட்டும் கிடையாது, உணர்திறன் பிரச்சினையும்கூட. புள்ளி சிறிதாகும்போது அளவில் அதிகமுள்ள கொழுப்புகள் மட்டும் படத்தில் நிற்கும், அரிதாக இருக்கும் மூலக்கூறுகள் மறைந்துவிடும். "1 மைக்ரானில் எடுத்தோம்" என்ற படத்தில் எத்தனை வகை மூலக்கூறுகள் தெரிகின்றன என்று சேர்த்துக் கேட்டால்தான் முழுப் பதில் கிடைக்கும்.

வீணாகும் மூலக்கூறுகளை மீட்க வந்ததுதான் மால்டி-2. முதல் லேசர் சுட்டதும் திசுவின் மேல் ஒரு சின்ன வாயுப் புகை எழும்புகிறது. சில மைக்ரோநொடிகளுக்குப் பின், இரண்டாவது லேசர் ஒன்று திசுவைத் தொடாமல் அந்தப் புகையைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. அங்கே நடக்கும் வினைகளால், மின்னூட்டம் பெறாமல் போன மூலக்கூறுகளில் பல இப்போது அயனியாகின்றன. 2015-இல் மியூன்ஸ்டர் குழு, 5 மைக்ரான் அகல லேசர் புள்ளியோடு இதைச் செய்து, பல கொழுப்புகளுக்கும் சர்க்கரைகளுக்கும் சிக்னல் 100 மடங்கு வரை கூடுவதைக் காட்டியது. மேலே சொன்ன 0.6 மைக்ரான் படங்களும் இந்த இரண்டாவது லேசரின் துணையோடு வந்தவைதான்.

திசுவையே பெரிதாக்கும் வழி ஒன்றும் அண்மை ஆண்டுகளில் வந்திருக்கிறது: நீரை உறிஞ்சி வீங்கும் ஜெல்லுக்குள் திசுவைப் பதித்து எல்லாப் பக்கமும் சீராக விரிய வைப்பது. நான்கு மடங்கு விரிந்தால் 20 மைக்ரான் லேசர் 5 மைக்ரான் போல வேலை செய்யும். அதே பரப்பில் கிடைக்கும் மூலக்கூறுகள் 16-இல் ஒரு பங்காகும் என்பதையும் மறக்கக் கூடாது.

## நேரக் கணக்கு

இதற்கு உவமையே வேண்டாம், பெருக்கல் போதும். ஒரு சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள திசு. வினாடிக்கு 10 பிக்சல் என்ற வேகம். 100 மைக்ரான் படியில் 10,000 பிக்சல், 17 நிமிடத்தில் முடிந்துவிடும். 10 மைக்ரானில் 10 லட்சம் பிக்சல், ஏறத்தாழ 28 மணி நேரம். 1 மைக்ரானில் 10 கோடி பிக்சல், 115 நாட்களுக்கு மேல். வேகமான கருவிகள் இதைவிடச் சீக்கிரம் முடிக்கும், ஆனால் பெருக்கல் மாறாது. இடையில் சில வகை மேட்ரிக்ஸ்கள் வெற்றிடத்தில் மெல்ல ஆவியாகியும் போய்விடும், முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஒப்பீடே கெட்டுவிடும். மிக நுண்ணிய படங்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துண்டுகளாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

## சொன்ன எண் உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

திசுவில் கூர்மையான எல்லை உள்ள ஓர் இடத்தைத் தேடுங்கள், ஒரு மூலக்கூறு நிறைய இருக்கும் பகுதியும் கொஞ்சம்கூட இல்லாத பகுதியும் சட்டென்று சந்திக்கும் இடம். அந்த எல்லைக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, சிக்னல் 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு ஏற எத்தனை மைக்ரான் ஆகிறது என்று அளந்தால் அது படத்தின் உண்மையான பிரிதிறனுக்கு மிக நெருங்கிய எண். பிக்சல் 5 மைக்ரானாக இருந்தும் இந்த ஏற்றத்துக்கு 25 மைக்ரான் ஆகிறது என்றால், அது 25 மைக்ரான் படம்தான்.

மென்பொருளால் கூர்மையாக்கிய படங்களில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். நுண்ணோக்கிப் படத்தையும் மூலக்கூறுப் படத்தையும் இணைத்து, முதலாவதன் கூர்மையை இரண்டாவதற்கு ஏற்றும் முறைகள் பயனுள்ளவை, ஆனால் அங்கே கூடுதலாகத் தெரியும் விவரம் கணித்தது, அளந்தது கிடையாது. படத்தின் கீழே அப்படி எழுதியிருக்க வேண்டும்.

ஆழமும் உண்டு. 10 மைக்ரான் தடித்த துண்டில் ஒரு செல்லின் மேல் இன்னொரு செல்லின் பாதி படுத்திருக்கலாம். பக்கவாட்டில் 1 மைக்ரான் வரை இறங்கினாலும், மேட்ரிக்ஸ் கீழிருந்தும் மூலக்கூறுகளை உறிஞ்சி எடுத்திருந்தால், ஒரு பிக்சலில் இரண்டு செல்களின் கலவை வந்துவிடும். ஒற்றைச் செல்லைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் துண்டின் தடிமனையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு எப்போதும் மிகச் சிறிய எண்ணைத் துரத்த வேண்டும் என்று நினைக்காதீர்கள். மனித சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 மைக்ரான் அகலம். எந்த முடிச்சில் எந்தக் கொழுப்பு கூடியிருக்கிறது என்பதுதான் கேள்வி என்றால் 20 மைக்ரானில் எடுத்த படம் தாராளமாகப் போதும், ஒரே நாளில் பல நோயாளிகளின் திசுவையும் எடுத்துவிடலாம். அந்த முடிச்சுக்குள் எந்தச் செல் என்று கேட்கும்போதுதான் 5 மைக்ரானுக்கும் கீழே போக வேண்டிய அவசியம் வருகிறது.